ஒரு கமென்ட்டுக்கு ரெண்டு ரூபாய்!

அடுத்த முறை ஒரு தேர்தல் போஸ்டரைப் பார்த்தால், தலைவரின் சிரிப்பை விட்டுவிட்டு கீழ் ஓரத்தைப் பாருங்கள். எறும்பு அளவு எழுத்தில் அச்சகத்தின் பெயர், ஊர், வெளியிட்டவரின் பெயர், முகவரி இருக்கும். அச்சகத்துக்காரர் தனக்குப் போட்டுக்கொண்ட விளம்பரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அது சட்டம். 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ. அந்த எறும்பு எழுத்து இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இது எனக்கு டிப்ளமோ வகுப்பில் தெரிந்ததல்ல. என் பெரியப்பா சாத்தூரில் சின்னதாக ஓர் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கடைகளுக்கு பில் புக்... இதுதான் வருடம் முழுக்க வேலை. தேர்தல் வந்தால் கட்சி நோட்டீஸ் வரும்.

"அடிக்கச் சொல்றவரு யாருன்னு எழுதிக் கையெழுத்து வாங்கணும் பாப்பா. அவரை நேர்ல தெரிஞ்ச ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணும். அடிச்சு முடிச்சு மூணு நாளைக்குள்ள அந்தப் பேப்பரையும் நோட்டீஸ் காப்பியையும் கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பணும். எத்தனை அடிச்சோம், எவ்வளவு வாங்குனோம்னும் எழுதணும்" என்பார். அந்த ஃபைலை அவர் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். அவ்வளவு பயம்!

2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில், அதே வீட்டின் மாடியில் அவர் மகன், பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தம்பி, வேறு மாதிரி 'நோட்டீஸ்' அடித்துக்கொண்டிருந்தான். செல்போனில்.

எனக்கு அது தெரிய வந்தது ஓர் எழுத்துப்பிழையால். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ம் தேதி வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் முகநூல் பக்கத்தின் கமென்ட்களைப் பார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. கெட்ட வார்த்தை இருந்தால் மறைக்க வேண்டும். ஒரு நாள் காலை 'எங்க ஊர் மக்கல் முடிவு பண்ணிட்டாங்க' என்று ஒரு கமென்ட். 'மக்கள்' அல்ல, 'மக்கல்'. போகட்டும் என்று விட்டால், அடுத்த செய்தியின் கீழும் அதே. வேறு பெயர், வேறு படம், அதே 'மக்கல்'. எண்ணிப் பார்த்தேன். மதியத்துக்குள் 43 பேர். இவர்களில் ஒருவர்கூட எந்த ஊர் என்று சொல்லவில்லை!

அன்று இரவு தம்பியிடமிருந்து போன். "அக்கா, ஒரு டவுட்டு. காசு வாங்கிட்டு கமென்ட் போட்டா சட்டப்படி தப்பா?"

ஒரு வாட்ஸ்அப் குரூப். தினமும் காலையில் லிங்க்குகள் வரும், கூடவே போட வேண்டிய வரிகளும் வரும். ஒரு கமென்ட்டுக்கு ரெண்டு ரூபாய், ஷேர் செய்தால் ஒரு ரூபாய். ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப வேண்டும். சனிக்கிழமை யு.பி.ஐ-யில் பணம். அட்மின் யார், எந்த ஊர் எதுவும் தெரியாது. காலேஜ் சீனியர் ஒருவன் சேர்த்துவிட்டிருக்கிறான். எனக்குச் சில ஸ்க்ரீன்ஷாட்கள் அனுப்பினான். மூன்றாவதில் இருந்தது அந்த 'மக்கல்'.

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அதைச் சொன்னால், இதைப் படிக்கும் பாதிப் பேருக்கு மீதிக் கட்டுரை தேவைப்படாது.

தம்பியின் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு எல்லாம் படித்திருக்கிறேன். இது பாடத்தில் இல்லை. அடுத்த சில நாள்கள் ஷிஃப்ட் முடிந்ததும் சட்டத்தைப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலில், ஒருவருக்காகக் காசு வாங்கிக்கொண்டு பிரசாரம் செய்வதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. மேடை போடுகிறவர், மைக் செட் கட்டுகிறவர், ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவர் எல்லோரும் காசு வாங்குகிறவர்கள்தான். சட்டம் கேட்பது கணக்கு. தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரில் சமூக வலைதளங்களுக்காக ஓர் உத்தரவு போட்டது. வேட்பாளர்கள் தங்கள் அக்கவுன்ட் விவரங்களை வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். இணைய விளம்பரத்துக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். இணைய நிறுவனங்களுக்குக் கொடுத்த பணம் மட்டுமல்ல, அக்கவுன்ட்களை நடத்த வைத்திருக்கும் ஆட்களின் சம்பளத்தையும் செலவுக் கணக்கில் காட்ட வேண்டும்.

சம்பளத்தையும்! தம்பியின் ரெண்டு ரூபாய்க்கும் அரசாங்கத் தாளில் ஓர் இடம் இருக்கிறது. அதே உத்தரவில் இன்னொரு வரியும் இருக்கிறது. வேட்பாளரோ கட்சியோ அல்லாத மற்றவர்கள் போடும் பதிவுகளை என்ன செய்வது என்று அமைச்சகத்தோடு ஆலோசித்து வருவதாக ஆணையம் அதில் சொல்லியிருந்தது. என் தம்பி அந்த 'மற்றவர்கள்'.

மற்றவர்கள் செலவழித்தால் என்ன என்ற கேள்வி முகநூலோடு வந்ததல்ல. 1971 தேர்தலில் டெல்லி சதர் தொகுதியில் ஜெயித்த அமர்நாத் சாவ்லாவின் வெற்றியை எதிர்த்து ஒரு வழக்கு. 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வேட்பாளருக்குத் தெரிந்து, அவர் தடுக்காமல், கட்சி அவருக்காகச் செலவழித்தால் அதுவும் அவர் கணக்கில்தான் சேரும் என்றது. வெற்றி செல்லாது என்றாகிவிட்டது. அதே மாதத்தில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. கட்சியோ மற்றவர்களோ செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் வராது என்று சட்டத்தையே மாற்றினார்கள். தீர்ப்பின் மை காய்வதற்குள் என்பார்களே, அப்படி. 2003-ல்தான் அதைப் பெருமளவு சுருக்கினார்கள். இன்று தலைவர்களின் பயணச் செலவு போன்ற சிலவற்றுக்குத்தான் அந்த விலக்கு.

ஆனாலும் பெரிய ஓட்டை அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு நாடாளுமன்ற வேட்பாளர் 95 லட்சம் ரூபாய்தான் செலவழிக்கலாம், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம். கட்சிக்கு எந்த உச்சவரம்பும் கிடையாது. குரூப்பில் வந்த வரிகளை மறுபடி படித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட எங்கள் தொகுதி வேட்பாளரின் பெயர் இல்லை. தலைவர், கட்சி, 'மக்கல்'... அவ்வளவுதான். இது எந்த வேட்பாளரின் கணக்கிலும் ஒட்டாது. யாரோ சட்டம் தெரிந்தவர் எழுதியிருப்பாரோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். சட்டம் தெரிந்து, தமிழ் தெரியாதவர்!

சரி, வேட்பாளரின் பெயரைச் சொல்லி, அவரைக் கேட்காமலே யாராவது காசு கொடுத்துப் பிரசாரம் செய்தால்? அதற்கு ஒரு பழைய பிரிவு இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 171எச். 1920-ல், வெள்ளைக்காரன் காலத்தில் சேர்த்தது. வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவர் வெற்றிக்காகக் கூட்டம், விளம்பரம், வெளியீடு என்று எந்த வகையிலும் செலவு செய்பவருக்கு 500 ரூபாய் வரை அபராதம். 2024 ஜூலையிலிருந்து இது பாரதிய நியாய சன்ஹிதாவில் 176-வது பிரிவு. அபராதம் 10,000 ரூபாய் வரை ஆகியிருக்கிறது. ஒரு விதிவிலக்கு மட்டும் 1920-லிருந்து அசையவில்லை. செலவு 10 ரூபாய்க்கு மிகாமல் இருந்து, 10 நாளைக்குள் வேட்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டால் குற்றம் இல்லை.

பத்து ரூபாய். ஒரு டீக்குக்கூடப் பத்தாத இடங்கள் உண்டு. தம்பியின் ரேட்டுக்கு ஐந்து கமென்ட். ஆறாவது கமென்ட்டில் எல்லை தாண்டிவிடும். ஆனால், தாண்டியவர் செலவு செய்தவர்தான், காசு வாங்கியவர் அல்ல. அந்தச் செலவு செய்தவர் யார் என்பதுதான் யாருக்கும் தெரியாது. பெரியப்பா பிரஸ்ஸில் இரண்டு சாட்சிகள் வைத்து எழுதி வாங்கும் அதே விஷயம்.

இதில் எனக்கு எரிச்சல் தருவது ஒன்று உண்டு. கட்சி நேரடியாக முகநூலுக்கோ கூகுளுக்கோ பணம் கொடுத்து விளம்பரம் போட்டால், யார் பணம் என்ற வரி அதிலேயே இருக்கும். 2019-லிருந்து இரண்டு நிறுவனங்களுமே இந்திய அரசியல் விளம்பரங்களைப் பொதுவில் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. நீங்களும் செல்போனில் இப்போதே பார்க்கலாம். அதே பணத்தை நிறுவனத்துக்குக் கொடுக்காமல் ஆயிரம் மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அந்த வரி மறைந்துவிடும். இன்னொன்று, ஒரு இன்ஸ்டா பிரபலம் காசு வாங்கிக்கொண்டு முகத்துக்குப் பூசும் க்ரீமைப் புகழ்ந்தால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022-லேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்துவிட்டது. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால், அது பொருளுக்கும் சேவைக்கும்தான். வேட்பாளர் இரண்டிலும் சேரமாட்டார்.

வேறு எந்த நாட்டிலாவது இப்படிக் கமென்ட் போட வைத்தவர்கள் கோர்ட் படி ஏறியிருக்கிறார்களா என்று தேடினேன். கே-டிராமா பார்க்கிறவர்களுக்குப் பிடித்த தென்கொரியாவில் ஏறியிருக்கிறார்கள். அங்கே செய்தி படிப்பவர்களில் பெரும்பாலானோர் 'நேவர்' என்ற தளத்தில் படிப்பார்கள். செய்தியின் கீழ் எந்தக் கமென்ட்டுக்கு விருப்பம் அதிகமோ, அது மேலே வந்து நிற்கும். 2018 ஜனவரியில், குளிர்கால ஒலிம்பிக்குக்காக வட, தென் கொரியா சேர்ந்த பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி பற்றிய செய்திகளில் அரசைத் திட்டும் கமென்ட்களுக்கு விருப்பங்கள் மளமளவென ஏறின. எதிர்க்கட்சிக்காரர்கள் வேலை என்று சந்தேகித்து ஆளுங்கட்சியே போலீஸுக்குப் போனது. பிடிபட்டவர்கள் அதே ஆளுங்கட்சியின் உறுப்பினர்கள்! 'ட்ரூகிங்' என்ற இணையப் பெயரில் எழுதிவந்த ஒருவர், பாஜு நகரில் ஒரு பதிப்பகத்தின் பெயரில் ஆபீஸ் போட்டு, 'கிங் கிராப்' என்று பெயர் வைத்த மென்பொருளால் விருப்பங்களை ஏற்றியிருக்கிறார். 2017 அதிபர் தேர்தல் காலத்தில் அதே கட்சிக்கு ஆதரவாகச் செய்தவர், பதவி கேட்டுக் கிடைக்காததால் திருப்பி அடித்திருக்கிறார் என்பது விசாரணையில் வந்தது. மொத்தம் 8 கோடிக்கும் மேற்பட்ட க்ளிக்குகள் என்றது குற்றப்பத்திரிகை.

ட்ரூகிங்குக்கு மூன்று ஆண்டு சிறை. அவரோடு சேர்ந்து செயல்பட்டதாக, அதிபர் மூன் ஜே-இன்னுக்கு மிக நெருக்கமானவரும் மாகாண ஆளுநருமான கிம் கியோங்-சூவுக்கு இரண்டு ஆண்டு. கடைசிவரை அவர் மறுத்தார். 2021 ஜூலையில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்ய, பதவி போனது. அடுத்த ஆண்டு டிசம்பரில் பொதுமன்னிப்பில் மீதித் தண்டனை ரத்தானது தனிக்கதை.

தண்டனை கொடுக்கப்பட்ட குற்றத்தின் பெயர் 'கணினி மூலம் தொழிலுக்கு இடையூறு செய்தல்'. தேர்தல் சட்டத்தின் கீழ் கிம் மீது இருந்த குற்றச்சாட்டில் மேல்முறையீட்டில் விடுதலை ஆகிவிட்டார். அதாவது சட்டத்தின் பார்வையில் ஏமாற்றப்பட்டது நேவர் நிறுவனத்தின் கமென்ட் வரிசை. அதைப் படித்து முடிவெடுத்த வாக்காளர் அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவராக எங்கும் வரவில்லை. அங்கேயும் இருக்கிற சட்டத்தை வளைத்துத்தான் பிடிக்க வேண்டியிருந்திருக்கிறது. ஒரு வித்தியாசம், அவர்கள் மேலே இருந்தவரைப் பிடித்தார்கள்.

தம்பிக்கு இதையெல்லாம் போனில் சொன்னபோது பொறுமையாகக் கேட்டான். "அப்போ எனக்கு ஒண்ணும் ஆகாது, அப்படித்தானேக்கா?"

அப்படியில்லை. அவன் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்களில் ஒன்று, எதிரணிப் பிரமுகர் ஒருவரின் குடும்பத்தைப் பற்றியது. படத்தோடு வந்த ஒரு கதை. அதை ஷேர் செய்திருந்தான், ஒரு ரூபாய்க்கு. வேட்பாளரின் சொந்த வாழ்க்கை பற்றிப் பொய் என்று தெரிந்தே பரப்பினால் அது தனித் தேர்தல் குற்றம், அபராதம் உண்டு. அவதூறு வழக்கு வந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. "நான் எழுதலையேக்கா, ஷேர்தானே பண்ணேன்" என்றான். நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி.சேகர் வழக்கில் இதே வாதம்தான் வந்தது. பெண் பத்திரிகையாளர்கள் குறித்து வேறொருவர் எழுதிய பதிவை 2018-ல் அவர் பகிர்ந்தார். வழக்கை ரத்து செய்ய 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அனுப்புகிறவரும் அந்தச் செய்திக்குப் பொறுப்பு என்றது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. சொன்னதும் தம்பி லைனிலேயே இருந்துகொண்டு அந்த ஷேரை அழித்தான். அழித்தாலும் ஸ்க்ரீன்ஷாட் அட்மினிடம் இருக்கிறது. அதுதானே அவனுக்குக் கூலி கொடுக்க ஆதாரம்!

அதன்பிறகுதான் அவன் போன் செய்ததன் உண்மையான காரணம் வந்தது.

"அம்மா ஆதார்ல ஒரு சிம் எடுத்துக் குடுத்தா ஐந்நூறு ரூபா தர்றாங்களாம். சிம்மை கூரியர்ல அனுப்பணும்."

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. பெரியம்மா வாசலில் காய்கறிக்காரரிடம்கூடப் பேரம் பேசத் தயங்குபவர். அவர் பெயரில் ஒரு எண், யாரோ கையில். அந்த எண்ணில் நூறு போலி அக்கவுன்ட் திறக்கலாம். இன்னொருவர் பெயரும் படமும் வைத்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தேர்தல் முடிந்தபிறகு அதே சிம் ஆன்லைன் பண மோசடிக்குப் போகலாம். போலீஸ் எண்ணைத் தேடினால் முதலில் கிடைப்பது பெரியம்மாவின் ஆதார், அடுத்து சாத்தூர் வீட்டு முகவரி. அந்த ஆண்டு ஜூனில் அமலுக்கு வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டப் பிரிவில், ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"பெரியம்மாகிட்ட கேட்டியா?"

"இல்லக்கா. ஓ.டி.பி வந்தா சொல்லுங்கன்னு சொன்னாப் போதும்ல..."

நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. அன்றிரவே பெரியப்பாவிடமும் சொன்னேன். தம்பிக்குக் கோபம், மூன்று மாதம் என்னிடம் பேசவில்லை. பெரியப்பா நான் எதிர்பார்த்தபடி கத்தவில்லை. குரூப்பைக் காட்டச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாராம். கடைசியில் கேட்டது, "மக்கல்னு போட்டிருக்கான், ப்ரூஃப் பார்க்க ஆள் இல்லையாடா?"

புகார் கொடுக்கலாமே என்று நினைத்து தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியைத் திறந்தேன். பணப் பட்டுவாடா, பரிசுப் பொருள் போன்றவற்றை நேரில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பினால், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுப்பதற்காக உருவாக்கியது. நல்ல செயலி, உங்கள் போனிலும் இருக்கட்டும். ஆனால், கேலரியில் இருக்கும் ஸ்க்ரீன்ஷாட்டை அதில் ஏற்ற முடியாது. அங்கேயே அப்போதே எடுக்க வேண்டும், இடமும் தானாகப் பதிவாகும். பறக்கும் படை எங்கே வந்து நிற்கும்? குரூப் இருக்கும் இடம் என்று எதைக் காட்டுவது? பெரியப்பா வீட்டு மாடியையா? 1950 என்ற எண்ணுக்கு போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். வேட்பாளர் பெயர் என்ன என்று கேட்டார்.

தம்பி சிம் தரவில்லை. அடுத்த நாளே அவனை குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த வாரம் போட்ட 270 கமென்ட்டுக்கு 540 ரூபாய் வர வேண்டும், வரவில்லை. சேர்த்துவிட்ட சீனியரைக் கேட்டால், "எனக்கே ஆயிரத்துக்கு மேல பாக்கிடா, யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல" என்றானாம்.